‘விரைவில்’ என்னும் நான்காம் காலம்: ஓர் இலக்கண, காலவியல், வடையியல் ஆய்வு

பாயிரம்

இத்தலைப்பில் இதுவரை யாரும் ஆய்வு செய்ததில்லை என்று தொடங்குவது நம் துறையின் மரபு. செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்காமலே அப்படித் தொடங்குவதும் மரபு. இரண்டு மரபுகளையும் இக்கட்டுரை பிசகாமல் காக்கிறது.

ஆய்வுப் பொருள்: காமிக்ஸ் பதிப்பகங்கள் இனிமேல் வெளியிடப்போகும் சூப்பர் ஹீரோ கதைகளைப் பற்றி அவர்களே வெளியிடும் முன்னோட்ட இதழ்கள். ஆய்வு எல்லை: அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1983 ஏப்ரல் தேதியிட்டுத் தொடங்கி, 1994 செப்டம்பரில் 140ஆம் இதழோடு நிறுத்திய ‘மார்வெல் ஏஜ்’. ஆய்வு மூலம்: மேற்படி இதழில் ஒரே ஒரு பிரதி. அதற்கும் அட்டை கிடையாது, முதல் தாளும் கிடையாது. ஆய்வு முறை: அதையே பார்த்துக்கொண்டிருத்தல். ஆய்வுக்கான நிதி வந்த வழி: வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இதற்குத் தூண்டுகோல் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம். பன்னாடு என்றது, நாங்கள் நாற்பது பேரும், இணைப்பு அறுந்து கடைசிவரை திரையில் வாய் திறந்தபடி உறைந்திருந்த கொழும்புப் பேராசிரியர் ஒருவரும். அங்கே ‘சங்க இலக்கியத்தில் உப்பு’ என்றொரு கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவருக்கு எட்டு நிமிடம். அவையோரை விளித்து வணங்குவதிலேயே ஆறு நிமிடம் போயிற்று. மீதி இரண்டில் உப்பு விற்றவர், உப்பு வாங்கியவர், உப்பு ஏற்றிய வண்டி என்று வகைப்படுத்தி, “சங்க கால மக்கள் உப்பைப் பயன்படுத்தினர் என்பது இதனால் அறியவருகிறது” என்று முடித்தார். கைதட்டினோம். பதிவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், கட்டுரை ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு அச்சாகும். மாலையில் பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது: உப்புக்குக் கிடைக்கும் மரியாதை ஸ்பைடர்மேனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

மூலப் பிரதி கிடைத்த வரலாறு

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில், நீட் கைடுகளுக்கும் பழைய சி.ஏ. பாடப் புத்தகங்களுக்கும் நடுவே, நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அட்டை ஏன் இல்லை என்ற கேள்வி உடனே எழுந்தது. இதற்கு நான் முன்வைக்கும் கருதுகோள் ஆழமானது. அமெரிக்காவில் பத்திரிகைக் கடைகளுக்குப் போன காமிக்ஸ் விற்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. முழுப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பினால் வண்டிச் சத்தம் கட்டுப்படியாகாது என்று, ஒரு காலத்தில் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிக் காசை வரவு வைத்துக்கொள்வார்கள். மீதி உடலை அழித்துவிட வேண்டும் என்பது அன்றைய விதி. அழிக்காமல் கள்ளத்தனமாய் விற்றவர்களும் உண்டு. ஆகவே என் கைப்பிரதி, அரை நூற்றாண்டு வணிக வரலாற்றின் தலையில்லாச் சாட்சி. இதைக் கடைக்காரரிடம் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எலி சார்” என்றார் (பழைய புத்தகக் கடைக்காரர், நேர்காணல், ஒரு டீ).

இவ்விரு கருதுகோள்களில் எது சரி என்பது மேலாய்வுக்குரியது.

இதழின் பயன்

காசு.

கொஞ்சம் விளக்கலாம். 1970களில் ஃபில் சூலிங் என்பவர் தொடங்கிவைத்த ‘டைரக்ட் மார்க்கெட்’ முறையில், காமிக்ஸுக்கென்றே இருக்கும் கடைகள் பதிப்பகத்திடமிருந்து கூடுதல் கழிவில் சரக்கு எடுத்தன. பதிலுக்கு ஒரு நிபந்தனை: விற்காத சரக்கைத் திருப்ப முடியாது. அதுவும் இதழ் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே எத்தனை பிரதி வேண்டும் என்று எழுதித் தந்துவிட வேண்டும். இன்னும் வரையப்படாத கதைக்கு, இன்னும் பிறக்காத வாசகர் எத்தனை பேர் என்று கடைக்காரர் சோழி உருட்ட வேண்டிய நிலை. அந்தச் சோழிதான் முன்னோட்ட இதழ். கடைக்காரருக்கு எதை எடுப்பது என்று சொல்லும். வாசகனுக்கு எதைக் கேட்டு நச்சரிப்பது என்று சொல்லும்.

இதற்கு முன்னும் மார்வெலுக்கு ரசிகர் மன்றங்கள் இருந்தன. 1964இல் ஒன்று, 1973இல் ‘ஃபூம்’ என்று இன்னொன்று; அதற்கு ஜிம் ஸ்டெரான்கோ ஆசிரியராக இருந்து தொடங்கிய இதழும் உண்டு. ஆனால் அவை சந்தா கட்டிய பக்தர்களுக்கு. ‘மார்வெல் ஏஜ்’ கடையில் தொங்கியது. மற்ற மார்வெல் காமிக்ஸ் 60 சென்ட் விற்ற 1983இல் இதன் விலை 25 சென்ட். அதாவது, விளம்பரத்தை வாசகன் காசு கொடுத்து வாங்கினான். இதைப் படித்துச் சிரிக்கும் சக ஆய்வாளர்கள் மேலே சொன்ன பதிவுக் கட்டணத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.

இலக்கணம்

தமிழில் காலம் மூன்று என்பது ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும். முன்னோட்ட இதழ்களை ஆராய்ந்தபோது நான்காவதாக ஒரு காலம் இருப்பது புலனாயிற்று. அதன் பெயர் ‘விரைவில்’. அதற்கு நூற்பா ஒன்றும் இயற்றினேன்:

விரைவில் என்பது விரைவும் அன்று வருதலும் அன்று
வருமெனச் சொல்லி வாங்க வைத்தலே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், முன்னோட்டத்தின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. ‘வைத்தலே’ என்பதில் ஏகாரம் தேற்றம். கடைக்காரரிடம் படித்துக் காட்டியதில், தேற்றமாகத் தெரியவில்லை, ஏமாற்றமாகத்தான் தெரிகிறது என்றார் (மேற்படி, நேர்காணல், இரண்டு டீ, ஒரு பருப்பு வடை, வடை ஆறியிருந்தது). ‘வாங்கி வைத்தலே’ என்றும் ஒரு பாடம் உண்டு. அது சேகரிப்பாளர் மரபைச் சேர்ந்தது. அவர்கள் வாங்கி வைப்பார்கள், படிக்க மாட்டார்கள். நூற்பாவை எழுதியவன் நானே என்றாலும், பாடபேதம் இல்லாத நூற்பாவை நம்மவர்கள் மதிப்பதில்லை என்பதால் ஒன்று சேர்த்தேன்.

இந்தக் காலத்துக்கு நம் இலக்கணத்தில் இடம் ஏற்கெனவே இருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொன்னால் அதைக் கால வழுவமைதி என்று நன்னூல் மன்னித்துவிடும். சோற்றில் இன்னும் ரசமே ஊற்றாதவனை வாசலில் நின்று நண்பன் கூப்பிட்டால் “இதோ வந்துட்டேன்” என்கிறான் அல்லவா, அது விரைவு. முன்னோட்ட இதழ் முழுவதும் இந்த “இதோ வந்துட்டேன்”தான். ஓவியர் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். இதழ் ‘இதோ, உலகை உலுக்கிய கதை!’ என்னும்.

மிகுதிக்குப் பழைய உரைகளில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கள்வர் நிறைந்த காட்டுக்குள் போகக் கிளம்பியவனைப் பார்த்து, இனி நடக்கப்போவதை நடந்ததாகவே வைத்து, உடுத்த துணியைப் பறிகொடுத்தான் என்று சொல்லிவிடுவார்கள். உரையாசிரியர்கள் அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளை மனத்தில் கொண்டுதான் இதை எழுதினார்கள் என்பது என் துணிபு. 1991இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து வேறு அட்டைகளோடு வந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. அவ்வளவும் வாசகர் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆளுக்கு ஐந்து வாங்கியவர்கள் பாதி, கடைக்காரரின் பின்னறையில் அடுக்கியவை மீதி. அடுத்தடுத்த ஆண்டுகளில் காற்று இறங்கியபோது, முன்னோட்டத்தை நம்பி எடுத்த சரக்கைத் திருப்ப முடியாமல் கடைகள் வரிசையாக மூடின. ‘மார்வெல் ஏஜ்’ 1994இல் நின்றது. மார்வெலே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. காட்டுக்கு வழி சொன்னவனும் துணியோடு திரும்பவில்லை.

குறைவிகாரங்கள்

செய்யுளில் சொல் முதலிலோ இடையிலோ கடையிலோ குறைந்து வரலாம். அறிவித்த காமிக்ஸும் அப்படியே.

கடைக்குறைக்கு: கெவின் ஸ்மித் எழுதிய ‘டேர்டெவில்/புல்ஸ்ஐ: தி டார்கெட்’. முதல் இதழ் 2002இல் வந்தது. இரண்டாவது இன்றுவரை வரவில்லை.

இடைக்குறைக்கு: அதே கெவின் ஸ்மித், அதே 2002. ‘ஸ்பைடர்மேன்/பிளாக் கேட்’ ஆறு இதழ்த் தொடரில் மூன்று வந்தன. நான்காவதற்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கதாநாயகி ஓர் இக்கட்டில் நிற்க, எழுத்தாளர் எழுந்து போய்விட்டார்.

அளபெடைக்கு: டி.சி. நிறுவனத்தின் ‘கேமலாட் 3000’. ஒரு மாதத்துக்கு ஒரு மாத்திரை என்று கொண்டால், 11ஆம் இதழுக்கும் கடைசி இதழான 12க்கும் நடுவே ஒன்பது மாத்திரை: 1984 ஜூலை தேதியிட்டது ஒன்று, 1985 ஏப்ரல் தேதியிட்டது மற்றது. ஓவியர் பிரையன் போலண்டின் கோடுகள் அவசரம் அறியாதவை. நாடு இடரில் மாட்டும்போது மறுபடி வருவேன் என்று சொல்லிப் போன ஆர்தர் மன்னன், மூவாயிரமாவது ஆண்டில் வேற்றுக்கிரகத்தாரை எதிர்க்க எழுந்து வருவதுதான் கதை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ‘விரைவில்’ என்றே இருந்துவிட்டவனின் கடைசி இதழுக்கு ஒன்பது மாதம் அதிகமில்லை.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ‘அல்டிமேட் வுல்வரின் வெர்சஸ் ஹல்க்’. முதல் இதழ் திறந்ததுமே ஹல்க் வுல்வரினை இடுப்போடு இரண்டாகக் கிழித்துப் போட்டிருக்கிறான். கால்கள் ஒரு மலை உச்சியில். மேல்பாதி, தன் கால்களைத் தேடிப் பனியில் ஊர்ந்து மலையேறுகிறது. இரண்டாம் இதழ் 2006 தொடக்கத்தில் வந்தது. மூன்றாவது வந்தது 2009இல். எழுத்தாளர் டேமன் லிண்டலாஃபுக்குத் தொலைக்காட்சித் தொடர் வேலை. மூன்று ஆண்டு அந்த மனிதன் பாதியாகவே கிடந்தான். இலக்கணப்படி இது உருவத்தில் கடைக்குறை, வெளியீட்டில் இடைக்குறை, வாசகனின் முகத்தில் அளபெடை. மூன்றும் ஒருங்கே வந்த எடுத்துக்காட்டு வேறெந்த மொழியிலும் இருப்பதாக நான் தேடிப் பார்க்கவில்லை.

முதற்குறைக்கு என் கைப்பிரதியே எடுத்துக்காட்டு.

இரங்கல் முன்னோட்டம்

நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆள் போன பிறகுதான் ஒட்டுவார்கள். ஆனால் டி.சி.யின் சூப்பர்மேன் 1992 நவம்பரில் சாகப்போவது அதற்கு முன்பே கடைகளுக்குத் தெரியும், கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டையோடு உறையிட்டு வந்த அந்த 75ஆம் இதழுக்கு ஆர்டர் எழுதியவர்களே அவர்கள்தாம். மறு ஆண்டே அவர் திரும்பி வந்தார். பட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை.

முதல் தோற்றம் என்னும் பெருஞ்சிக்கல்

இனித்தான் ஆய்வின் உயிர்நிலை. வாசகர்கள் வெற்றிலைப் பெட்டியை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே ஒரு சச்சரவு ஓய்ந்ததே இல்லை: ஒரு பாத்திரம் முதன்முதலில் தோன்றியது எந்த இதழில்? விடையைப் பொறுத்து அவ்விதழின் விலை பத்து மடங்கு, நூறு மடங்கு மாறும். எளிய கேள்விபோலத் தெரியும். ‘தோன்றுதல்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், அதோடு சாயங்காலம் போயிற்று.

வுல்வரினையே எடுத்துக்கொள்வோம். 1974 அக்டோபர் தேதியிட்ட ‘ஹல்க்’ 180ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் பாய்ந்து வந்து நிற்கிறான். நவம்பர் தேதியிட்ட 181இல் முழுதாகச் சண்டை போடுகிறான். 180க்கு ஒரு விலை, 181க்கு அதைவிடப் பல மடங்கு விலை. கடைசிக் கட்டத்தில் வந்தது ‘தலைகாட்டல்’தானாம், ‘தோற்றம்’ அடுத்ததில்தானாம். நம் அகப்பொருள் நூல்கள் இதை எவ்வளவு முன்பே தெளிவுபடுத்திவிட்டன! தலைவன் தலைவியை முதலில் காண்பது காட்சி. மானிடப் பெண்ணா அணங்கா என்று தடுமாறுவது ஐயம். கண் இமைப்பதைப் பார்த்துப் பெண்தான் என்று தேறுவது துணிவு. 180 காட்சி, 181 துணிவு. இதில் 1973இல் வந்த ‘ஃபூம்’ இரண்டாம் இதழில் ஒரு ரசிகர் வரைந்தனுப்பிய வேறொரு பாத்திரத்துக்கும் வுல்வரின் என்றே பெயர் இருந்தது. அது கனவுநிலை உரைத்தல்.

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. நடுவில் முன்னோட்ட இதழ் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை எப்போது பிறந்தது? நிகழ்ச்சிகளை வரிசையாக வைக்கிறேன், வாசகர் பொறுமையோடு பின்தொடர வேண்டும். 1982இல் ஒரு ரசிகர் கறுப்பு உடை யோசனையை எழுதி அனுப்ப, தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் 220 டாலருக்கு அதை வாங்கினார். 1984 மார்ச் தேதியிட்ட ‘மார்வெல் ஏஜ்’ 12ஆம் இதழில் அந்த உடையின் படம் முன்னோட்டமாக வந்தது. 1984 மே தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 252இல் அவர் அதை உடுத்திக்கொண்டு வந்திறங்கினார். அதே மே மாதம் ‘மார்வெல் டீம்-அப்’ 141இலும் ‘ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்’ 90இலும் அதையே உடுத்தியிருந்தார். அந்த உடை அவருக்கு எங்கே, எப்படிக் கிடைத்தது என்பது 1984 டிசம்பர் தேதியிட்ட ‘சீக்ரெட் வார்ஸ்’ 8ஆம் இதழில்தான் வந்தது. முதலில் விளம்பரம், பிறகு சட்டை, கடைசியில் தையல்காரர்.

இதில் எது முதல் தோற்றம்? 252 என்பது ஒரு கட்சி. விலை உயர்ந்த கட்சியும் அதுதான். 141 என்பது எதிர்க்கட்சி. ஒரே மாதப் பிரசவத்தில் மூத்த பிள்ளை யார் என்ற வழக்கு அது. கதைப்படி உடை பிறந்தது ‘சீக்ரெட் வார்ஸில்’தானே என்பார் வேறு சிலர். மூன்று கட்சியையும் ஒரே வீச்சில் சாய்த்துவிட்டு, கதையே இல்லாத 12ஆம் இதழ், 25 சென்ட்டுக்குத் தொடங்கிய ஒரு விளம்பர இதழின் பன்னிரண்டாவது பிள்ளை, நடுக்கூடத்தில் வந்து நிற்கிறது: “நான்தான் முதலில் பார்த்தேன்.” கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்த சித்தி, தாலி கட்டியதைப் பார்த்தவர்களைவிடத் தனக்கே உரிமை அதிகம் என்பதுபோல. 1991இல் ‘டார்க்ஹாக்’ என்னும் நாயகன் விஷயத்திலும் இதே கதை: அவன் சொந்த இதழின் முதல் எண் மார்ச் தேதியிட்டது, ‘மார்வெல் ஏஜ்’ 97 பிப்ரவரி தேதியிட்டது. சித்தி மறுபடியும் முந்திக்கொண்டாள். கேம்பிட் என்னும் சீட்டுக்காரன் விஷயத்தில், எக்ஸ்-மென் வரிசையின் 1990 ஆண்டு மலரா, மாத இதழின் 266ஆம் எண்ணா என்று நடக்கும் சண்டையை இங்கே எடுத்தால் இக்கட்டுரை தனி நூலாகிவிடும்.

இதைக் கடைக்காரரிடம் வைத்து முடிவு கேட்டேன். அவர், “படம் வந்தா வந்த மாதிரிதானே சார்?” என்றார் (மேற்படி, நேர்காணல், மழைப் பதிப்பு, தார்ப்பாய்க்குக் கீழ், இடமிருந்து மூன்றாம் அடுக்கு, மூன்று டீ, இரண்டு வடை). அவர் மைத்துனர் உடனே மறுத்தார்: “வெறும் படம் வந்தா அது போஸ்டர் பாய். பேசினாத்தான் ஆளு” (கடைக்காரரின் மைத்துனர், மறுப்புரை, அதே தார்ப்பாய், எதிர்த்திசை, வடை அவர் எடுத்துக்கொண்டது). கடைக்காரர் பதிலுக்கு, ஊமைப் படத்தில் நடித்தவர்கள் ஆளில்லையா என்று கேட்டார் (மறுப்புக்கு மறுப்பு, திருத்திய பதிப்பு, மழை விட்ட பின், ஒப்பிடுக: மைத்துனர், மௌனம், ஏறத்தாழ நான்கு நிமிடம், எடை போடும் தராசின் மேல் உட்கார்ந்தபடி, மேலும் காண்க: டீக்கடைப் பையன், பாக்கி, பன்னிரண்டு ரூபாய்). இவ்வளவு நுட்பமான விவாதத்தை அண்மையில் எந்தப் பொது வாய்மொழித் தேர்விலும் நான் கேட்டதில்லை. அங்கே கேள்வி கேட்பவரின் கண் போண்டா வரும் கதவின்மேல் இருக்கும்.

சண்டை முற்றியதால் அமெரிக்காவில் இதற்கொரு நிறுவனமே உண்டு. சி.ஜி.சி. என்று பெயர், 2000இல் தொடங்கியது. பிரதியை ஆராய்ந்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, இன்னின்னாரின் முதல் தோற்றம் என்று நெற்றியில் சீட்டு ஒட்டி, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவிடுவார்கள். அதன்பின் அதை யாராலும் படிக்க முடியாது. திறந்தால் மதிப்பு போய்விடும். முதலில் சிரித்தேன். பிறகு, நம் ஊர்ச் சுவடி அறை ஒன்றின் வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போயிருக்கிறார் என்ற பதிலோடு திரும்பியது ஞாபகம் வந்தது. அவர்களாவது அட்டை தெரியும்படி வைக்கிறார்கள்.

தமிழ் வழக்கு

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸ். லயனில் வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, வேறு ஆள்) கதைகள் பலவற்றை ஆங்கிலத்தில் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் திருப்ப வேண்டியது ‘அடுத்த வெளியீடு’ பக்கம் என்பது. அதிலிருக்கும் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஷெட்டில் நின்றபடி, நாங்கள் நாலு பேரும் ஒரு மாதம் கதையை ஓட்டினோம். எங்கள் கதையில் வில்லன் நீர்மூழ்கிக் கப்பலில் வந்தான், தலைமையாசிரியரைக் கடத்தினான், அரைப் பரீட்சை தள்ளிப்போயிற்று. பிறகு நிஜப் புத்தகம் வரும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் இருக்காது.

இது ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. நீக்கிவிடும்படி நெறியாளர் சொல்வார். நெறியாளர் இல்லாததால் நிற்கிறது.

கால ஆராய்ச்சி

இறுதியாக, என் கைப்பிரதி எத்தனையாவது இதழ்? நம் ஆய்வுலகில் ஒரு நூலின் காலத்தைக் கணிக்க வழி இரண்டு. அகச்சான்று, புறச்சான்று. தொல்காப்பியத்தின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன்னும் பின்னுமாகப் பல நூறு ஆண்டுகள் இழுத்துப் பார்த்த அனுபவம் நமக்கு இருக்கிறது. பதினோரு ஆண்டில் ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை என்றே இறங்கினேன்.

அகச்சான்று ஒன்று: ஒரு பக்கத்தில் ஃபிரெட் ஹெம்பெக்கின் கேலிச்சித்திரம். யாருடைய முழங்காலிலும் முழங்கையிலும் நத்தைபோல ஒரு சுழி போட்டிருப்பதால் அவர் கை என்பது உறுதி. ஆனால் அவர் அந்த இதழில் ஆண்டுக்கணக்கில் வரைந்தவர். சுழியை எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அதனால் பயன் ஏதும் இல்லை என்றாலும், எண்ணியதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அகச்சான்று இரண்டு: ஒரு மூலையில் ஸ்பைடர்மேன் கறுப்பு உடையில் நிற்கிறார். மே 1984இல் அதை உடுத்தியவர், 1988இல் வந்த 300ஆம் இதழில் பழைய சிவப்பு நீலத்துக்குத் திரும்பினார். ஆக, பிரதி 1984க்கும் 1988க்கும் நடுவே. நூற்றுநாற்பதிலிருந்து ஐம்பது சொச்சத்துக்கு வந்துவிட்டோம்.

இங்கேதான் தரை வழுக்கியது. நான் ஆராய்வது முன்னோட்ட இதழ். அதிலுள்ளது எதுவும் அது அச்சானபோது நடந்திருக்கவில்லை. நடந்ததை வைத்துக் காலம் கணிக்கலாம். நடக்கப்போவதாகச் சொன்னதை வைத்து எப்படிக் கணிப்பது? அதிலும் அமெரிக்கக் காமிக்ஸின் அட்டைத் தேதி விற்பனைத் தேதி அல்ல. கடைக்காரர் எந்த மாதம் தட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று மாதம் முன்தள்ளிப் போட்டது. மார்ச் என்று அச்சிட்டிருந்தால் அது மார்ச்சுக்கு முன்பே விற்றது. பேசுவது மார்ச்சுக்குப் பிறகு வருவதை. அப்படிப் பேசியதிலும் சில வரவேயில்லை. ஒரே தாளில் மூன்று காலம், நான்காவதாக என் ‘விரைவில்’. சோழர் கல்வெட்டில் ஆட்சியாண்டுக் குழப்பம் என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் ஒருநாள் வந்து இதோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

எனவே நான் முடிவாக அறிவிப்பது: என் கைப்பிரதி 12ஆம் இதழே. சான்று என்னவென்றால், கறுப்பு உடை முதலில் தெரிந்தது அதில்தான், அதனால் அதுவே சிறந்தது, சிறந்ததே என்னிடம் இருக்க வேண்டும். இம்முறையில் நிறுவப்பட்ட முடிவுகள் பல நம் நூலகங்களில் தடித்த அட்டையோடு இருக்கின்றன. ஆட்சேபம் வந்தது ஒரே இடத்திலிருந்து. போன வாரம் கடைக்காரர், “சார், அந்தப் புக்கோட அட்டை கட்டுக்குள்ள கிடந்துச்சு, எலி இழுத்துட்டுப் போயிருக்கு. நம்பர் போட்டிருக்கு பாருங்க” என்று எடுத்துக் கொடுக்க வந்தார். வேண்டாம் பாய், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திருவல்லிக்கேணிப் பக்கம் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அட்டை இப்போது மூன்றாம் அடுக்கில், கைடுகளுக்கு அடியில், அறுபது ரூபாய்க்குத் தனியாக இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதிலிருக்கும் எண்ணை, இக்கட்டுரை ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு அச்சாகும்வரை, தயவுசெய்து எனக்கு எழுதி அனுப்பாதீர்கள்.